என்ஜேஎஸ் பைத்தியம்

நிறுத்தி வைத்திருக்கும் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒருவன் மண்டிபோட்டு அதன் அடிவயிற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், தொலைந்த சாவியைத் தேடுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். கிராங்க், அதாவது பெடலின் கை, மாட்டுகிற உருளைக்கு அடியில், ஃபிரேம் நம்பருக்குப் பக்கத்தில், மூன்றெழுத்து முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறான். என்ஜேஎஸ், ஜப்பானியப் பந்தய சைக்கிளுக்குக் குத்துகிற அனுமதி முத்திரை. இருந்தால் முகம் மலரும். இல்லையென்றால் முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விடுவான், அது எவ்வளவு நல்ல சைக்கிளாக இருந்தாலும் சரி.

நானும் அப்படி மண்டிபோட்டவன்தான். டோக்கியோவில் நம் ஆட்கள் நிறைய இருக்கும் நிஷி-கசாயில் ஏழு வருடமாகக் குடியிருக்கிறேன். இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது, இதில் யாருக்கு எது பிடிக்கும், எதைப் பார்த்து யார் முகம் சுளிப்பார்கள் என்றெல்லாம் எழுதச் சொல்லி இரண்டு நண்பர்கள் கேட்டார்கள். இருவரும் கியர் சைக்கிள் ஓட்டுகிறவர்கள், கேட்டதில் கிண்டலும் கொஞ்சம் இருந்தது. பரவாயில்லை, எழுதுகிறேன்.

நம் ஊர் சைக்கிளில் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் இருக்கும். மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி டிக்டிக்டிக்கென்று ஓடும். இறக்கத்தில் காலை ஆட்டாமல் காற்று வாங்கலாம். நாங்கள் தேடுகிற ஃபிக்ஸ்டு கியர் சைக்கிளில் அந்தச் சொகுசு கிடையாது. பின்சக்கரத்துப் பல்சக்கரம் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்போடு இறுகியே இருக்கும், சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும், பெடல் சுற்றினால் உங்கள் கால் சுற்றியே ஆகவேண்டும். முதல் நாள் அரகாவா ஆற்றங்கரைப் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். முப்பது வருடப் பழக்கத்தில் ஒரு வளைவில் காலை நிறுத்தினேன், பெடல் என்னைக் கழுதை உதைப்பதுபோல் சீட்டிலிருந்து தூக்கிப் போட்டது. விழவில்லை. பின்னால் வந்த பெரியவர் மட்டும் ஓ என்றார். அன்றைக்கே பிடித்துவிட்டது.

பந்தயத் தடத்துக்கு என்றே செய்கிற சைக்கிள் இது. தடத்தில் பிரேக் கிடையாது, கியர் கிடையாது. ஜப்பானில் இதைப் பிஸ்டோ என்பார்கள், தடத்தைக் குறிக்கிற பிரெஞ்சு 'பிஸ்ட்'டிலிருந்து வந்த சொல். இந்தச் சைக்கிளின் மேல் உலகம் முழுக்க இருக்கிற ஆசையில் பாதி, ஜப்பானின் கெய்ரின் பந்தயத்திலிருந்து வந்தது. அதனால் அதைச் சொல்லாமல் மேலே போகமுடியாது.

1948 நவம்பரில் கொகுராவில் முதல் கெய்ரின் நடந்தது. போரில் நொறுங்கிக் கிடந்த ஊர்களைத் தூக்கி நிறுத்தக் காசு வேண்டும். சைக்கிள் பந்தயம் வைத்து, ஜனங்களைப் பணம் கட்டவிட்டு, அதில் ஒரு பங்கை ஊராட்சிகள் எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. இன்றும் நாற்பதுக்கு மேற்பட்ட மைதானங்களில் நடக்கிறது. சில பந்தயங்களில் ஒன்பது பேர், சிலவற்றில் ஏழு பேர். ஒன்றாம் எண்ணுக்கு வெள்ளைச் சட்டை, இரண்டு கறுப்பு, மூன்று சிவப்பு, நான்கு நீலம், ஐந்து மஞ்சள், ஆறு பச்சை, ஏழு ஆரஞ்சு, எட்டு ரோஸ், ஒன்பது ஊதா. எந்த மைதானத்துக்குப் போனாலும் இதே நிறம்தான், பீர் குடித்துவிட்டுத் தள்ளாடுகிற தாத்தாவுக்கும் நிறம் மட்டும் மறக்காது. சுமார் 2 கி.மீ. தூரம். முதல் சுற்றுகளில் சைக்கிளிலேயே ஒருவர் முன்னால் போய் வேகம் பிடித்துக் கொடுப்பார். அவர் விலகியதும் கூட்டம் கிளம்பும், கடைசியில் மணிக்கு 70 கி.மீ. பக்கம் வந்துவிடும். தோளால் இடிப்பார்கள், தலையால் முட்டுவார்கள். விழுந்தால் கூட்டமாகத்தான் விழுவார்கள்.

இதில் கட்டப்படுவது ஜனங்களின் பணம். அதனால் சந்தேகத்துக்கே இடம் வைக்கக்கூடாது என்று ஒரே பிடிவாதம். பந்தய நாட்களில் வீரர்கள் கைபேசியை ஒப்படைத்துவிட்டு விடுதிக்குள் அடைந்து கிடக்கவேண்டும், வெளியாட்களோடு பேச்சே கூடாது. சைக்கிளையும் முதல் நாளே பரிசோதிப்பார்கள். ஒருவன் காற்றைக் கிழிக்கிற கார்பன் ஃபிரேமில் வந்து இன்னொருவன் பழைய இரும்பில் வந்தால் பணம் கட்டினவன் கல்லெறிவான். அதனால் வழக்கமான ஆண்கள் பந்தயத்தில் எல்லாரும் ஒரே மாதிரி: ஸ்டீல் குழாய், மூட்டுகளில் லக் என்ற உலோக உறை வைத்துப் பற்றவைத்த ஃபிரேம், அனுமதி பெற்ற கைவினைஞர் கட்டியது, அனுமதி பெற்ற பாகம். அந்த அனுமதியின் முத்திரைதான் என்ஜேஎஸ், நிஹோன் ஜிதென்ஷா ஷின்கோகாய் என்ற அமைப்பின் முதலெழுத்துகள். அந்த அமைப்பின் வேலை பிறகு ஜேகேஏ என்ற அமைப்பின் கைக்குப் போய், பழைய பெயர் போய்விட்டது, முத்திரை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். 'இதை ஓட்டுவதால் பக்கத்து ஆளைவிட உனக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது' என்று உத்தரவாதம் கொடுக்கிற முத்திரை அது. சைக்கிள் ஒரு பொருட்டே இல்லை, காலும் மூளையும்தான் என்று சொல்வதற்காகக் குத்தியது. எங்களைப் போன்றவர்களோ உலகத்தில் இருக்கிற அத்தனை சைக்கிளிலும் அதைத்தான் தேடித் தேடி வாங்குகிறோம். இந்த முரண் புரிய எனக்கு மூன்று வருடமும் கணிசமான யென்னும் ஆனது.

வெளிநாட்டில் இந்த மோகம் பிடித்தது 2000-களின் நடுவில். நியூயார்க்கிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் கூரியர் பையன்கள் அதற்கு முன்பே டிராக் சைக்கிளில்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள்: கியர் இல்லை, கெட்டுப்போக ஒன்றும் இல்லை, மழையில் பிரேக் கட்டை தேயாது. அதைப் பார்த்துப் பிடித்துப்போனவர்கள் எங்கே கிடைக்கும் என்று தேடியபோது ஜப்பானின் ஏலத் தளங்கள் கண்ணில் பட்டன. கெய்ரின்காரன் ஒருவன் விழுந்தெழுந்தால் புது ஃபிரேம் கட்டிக்கொள்வான், விழாவிட்டாலும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவான். பழசு ஏலத்துக்கு வரும். அவனுக்கு அது தேய்ந்த அரிவாள். கலிபோர்னியாவில் ஒருவனுக்கு அது பூஜை அறைச் சாமான்.

அழகாகவும் இருக்கும், அதை மறைத்து என்ன பயன். மேல்பார் ஓர் அங்குலக் குழாய்தான். சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் சுண்டுவிரல்கூட நுழையாது. முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கில் பிரேக் மாட்ட ஓட்டையே போட்டிருக்கமாட்டார்கள், கேபிள் போக வளையம் இல்லை, பாட்டில் மாட்ட இடம் இல்லை. எதுவும் தொங்காது, எதுவும் துருத்தாது. பெயின்ட் மட்டும் கல்யாண வீட்டுச் சீரியல் செட் மாதிரி: மினுமினுப்பு ஊதா, ஓரம் பச்சை, அதன்மேல் தங்க எழுத்து. ஃபிரேம் அவ்வளவு ஒழுங்கு, பெயின்ட் அவ்வளவு கூத்து, எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தச் சேர்க்கைதான்.

சரி, எல்லாம் ஒரே விதி, ஒரே முத்திரை. அதற்குள்ளும் நாங்கள் ஒரு சாதி அடுக்கு கட்டிவிட்டோம். மனித சுபாவம்.

மேலே நாகசாவா. அதைக் கட்டுகிற யோஷியாகி நாகசாவா இத்தாலிக்குப் போய்ப் போலியாகி, டி ரோசா என்ற ஃபிரேம் கைவினைஞர்களிடம் வேலை கற்றுக்கொண்டு வந்தவர். ஜப்பானிய வீரர் கோயிச்சி நகானோ 1977 முதல் 1986 வரை உலக ஸ்பிரின்ட் பட்டத்தைத் தொடர்ந்து பத்து முறை வென்றார், அந்தக் காலத்து அவருடைய சைக்கிள் என்றால் நாகசாவாதான் நினைவுக்கு வரும். அதற்குப் பிறகு வேறென்ன விளம்பரம் வேண்டும். அப்புறம் சான்ரென்ஷோ. பெயருக்கே 'தொடர்ந்து மூன்று வெற்றி' என்று பொருள். இப்போது தயாராவதில்லை, அதனால் பழைய ஃபிரேமுக்கு விலை. செருபிம், மகினோ, வட்டானாபே என்று அடுத்தடுத்து வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசிகர் மன்றம். எந்த லக்கின் முனை கூர்மை, யார் அரத்தால் ராவிய ஓரம் மெல்லிசு என்று மணிக்கணக்கில் பேசுவார்கள், சங்கீத சீசனில் வாசலில் நின்று கமகம் பேசுகிற மாமாக்களைப் போல.

எனக்கு ஆசை கலவிங்கா மேல். காரணம் கொஞ்சம் அசட்டுத்தனமானது. டோக்கியோவில் மெகுரோ பக்கம் இருக்கிற பட்டறை அது. பெயரை ஜப்பானிய எழுத்தில் பார்த்தபோது புரியவில்லை. வாய்விட்டுச் சொன்னபோதுதான் பொறி தட்டியது. கலவிங்கம்! சமஸ்கிருதத்தில் குருவி. பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் வந்துசேர்ந்தபோது மனிதத் தலையும் பறவை உடலும் வாங்கிக்கொண்டு, சொர்க்கத்தில் பாடுகிற பறவை ஆகிவிட்டது. நம் பக்கத்துச் சிட்டுக்குருவி எங்கெங்கோ சுற்றி, ஒரு சைக்கிளின் நெற்றியில் தகடாக உட்கார்ந்திருக்கிறது. இதற்காகவாவது வாங்கவேண்டாமா? ஏலத்தில் மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் கடைசி நிமிடத்தில் யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள்.

கடைசியில் என் கைக்கு வந்தது பானாசானிக்.

சிரிக்காதீர்கள். அண்ணன்மார்கள் எல்லாம் சிரித்தாகிவிட்டது. டிவி செய்கிற அதே பானாசானிக்தான், கெய்ரின் ஃபிரேமும் செய்திருக்கிறார்கள், அதே முத்திரை, அதே லக், அதே ஸ்டீல். கம்பெனியை ஆரம்பித்த கோனோசுகே மட்சுஷிதா சின்ன வயதில் ஒசாகாவில் சைக்கிள் கடையில் எடுபிடியாக இருந்தவர், கம்பெனி தலையெடுக்கக் கைகொடுத்த சரக்கும் சைக்கிள் விளக்குதான். டிவிதான் பிறகு வந்தது. ஆனால் ஆர்வலர்கள் மத்தியில் பானாசானிக்கும் பிரிட்ஜ்ஸ்டோனும் 'பெரிய கம்பெனி சரக்கு', அடித்தட்டு. பந்தயத்துக்குப் போய்ப் பார்த்தால் பிரிட்ஜ்ஸ்டோனில் வருகிறவர்கள் எத்தனை பேர்! இதில் வேடிக்கை, நாகசாவாவின் பட்டறையும் பானாசானிக் சைக்கிள் ஆலையும் இருப்பது ஒசாகாவுக்குப் பக்கத்தில் காஷிவாரா என்ற ஒரே ஊரில். ஒன்றைத் தொட்டுக் கும்பிடுவோம், இன்னொன்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவோம்.

நான் கொடுத்தது 38,000 யென். அடர்நீலம், ஓரங்களில் வெள்ளை. படத்தில் பளபளவென்று இருந்தது. அட்டையைப் பிரித்தால், மேல்பாரின் இடதுபக்கத்தில் கட்டைவிரல் பதிகிற அளவுக்கு ஒரு நசுங்கல். விழும்போது ஹேண்டில்பார் சுழன்று வந்து அடிப்பதால் வருவது இது. அதற்குத்தான் அந்த இடத்தில் சின்ன ரப்பர் பட்டை கட்டியிருப்பார்கள். விற்ற ஆள் அந்தப் பட்டையைக் கழற்றாமலே எல்லாப் படமும் எடுத்திருக்கிறார். கேட்டேன். "போட்டியில் ஓடிய சைக்கிள், அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது, பின்னாலேயே நான்கு வரி மன்னிப்பும் வந்தது. ஜப்பானில் மன்னிப்பு தாராளமாகக் கிடைக்கும், பணம் திரும்ப வராது.

பாகங்களுக்கு வருவோம், இங்கேதான் பைத்தியம் முற்றும்.

கிராங்க் என்றால் சுகினோ 75. ஐந்து கை, 144 மி.மீ. வட்டத்தில் போல்ட், கண்ணாடி மாதிரி பாலிஷ். இதற்கு எதிர்க்கட்சி ஷிமானோ டியூரா-ஏஸ் டிராக். இரண்டும் ஒன்றுக்கொன்று இளைத்ததில்லை, ஆனாலும் சுகினோக்காரன் வீட்டில் ஷிமானோக்காரன் தண்ணீர் குடிக்கமாட்டான். ஹேண்டில்பார் நிட்டோ பி123, அதுவும் ஸ்டீல். அலுமினியத்தில் எடை குறைந்த ஒன்று இருக்கிறது, ஆனால் முழுபலத்தோடு இழுக்கும்போது வளையக்கூடாது என்று கெய்ரின்காரர்கள் ஸ்டீலைத்தான் பிடிப்பார்கள், நாங்களும் ஏதோ 70 கி.மீ. வேகத்தில் இழுக்கப்போகிறவர்கள் மாதிரி அதையே வாங்குவோம். பார் முழுக்க டேப் சுற்றக்கூடாது, கீழ்வளைவில் மட்டும் ரப்பர் பிடி, மேலே வெறும் உலோகம். ஜனவரியில் அதைத் தொட்டால் ஐஸ் கம்பியைப் பிடித்த மாதிரி இருக்கும். சீட் காஷிமாக்ஸ். பெடல் எம்கேஎஸ், பாதத்தின் முனையைப் பிடிக்கப் பழைய மாதிரி இரும்பு டோ கிளிப், தோல் வார். செயின் இசுமி.

ஹப், ஸ்போக்ஸ் கோக்கிற காது பெரியது, 36 ஓட்டை. ரிம் அராயா தங்க ஸ்டிக்கர். ஸ்போக்ஸ் ஒன்றையொன்று தாண்டுகிற இடத்தில் மெல்லிய கம்பி சுற்றி ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். ஸ்போக்ஸ் ஒன்று அறுந்தாலும் அது துள்ளிப்போய்ப் பக்கத்து ஆளின் சக்கரத்தில் மாட்டாது, பாதியில் தொங்கும். எனக்கு இந்தச் சைக்கிளில் மிகவும் பிடித்த வேலைப்பாடு எதுவென்றால் இதைத்தான் சொல்வேன். பெரிய பிராண்ட் எழுத்து எதுவும் இல்லை, ஒரு துளி ஈயம், அவ்வளவுதான். டயர் சோயோ, ரிம்மில் கோந்து போட்டு ஒட்டுகிற ரகம். பஞ்சரானால் நடுரோட்டில் உரித்தெடுத்து மறுபடி ஒட்டவேண்டும். ஒரு வருடம் வீம்புக்கு ஓட்டினேன். அப்புறம் ஒரு மழைநாளில் கசாய்பாலத்துக்கு அடியில் நின்றுகொண்டு நகத்தில் கோந்தோடு அழுகை வராத குறையாக உரித்த அன்றைக்கே சாதாரண டயர்-டியூபுக்கு மாறிவிட்டேன். தூய்மைவாதிகள் மன்னிக்கவும்.

ஊரில் அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். திண்டுக்கல்லில் முப்பது வருடம் ஹெர்குலிஸ் ஓட்டியவர். செயினைப் பக்கத்தில் காட்டச் சொன்னார். பின்சக்கர அச்சு மாட்டுகிற இடத்தைக் காட்டச் சொன்னார். கொஞ்சநேரம் பேசவில்லை. "ஏம்ப்பா, இது நம்ம பழைய வண்டிதானே? பின்னாடி அச்சை இழுத்து செயின் டைட் வைக்கிறது, மூட்டுல பத்தவச்சது, நட்டு போல்ட்டு... பிரேக்கையும் ஃப்ரீவீலையும் கழட்டிட்டு வித்துட்டானுங்களா?" என்றார். சிரித்தேன், ஆனால் மறுக்கமுடியவில்லை. இசுமி செயினும் எங்கள் ஊர் சைக்கிள் கடையில் தொங்கும் செயினும் அரை அங்குலத்துக்கு எட்டில் ஓர் அங்குலம், ஒரே அளவுதான்.

இந்த ருசி என் சைக்கிளின் சக்கரத்தையே ஒருமுறை காவு வாங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபிக்ஸ்டு ஹப்பில் பல்சக்கரத்தைத் திருகி ஏற்றியபிறகு, அதன்மேல் எதிர்த்திசை மரையில் ஒரு லாக்ரிங் வரும். காலால் பின்னோக்கி அழுத்தி வேகத்தைக் குறைக்கும்போது பல்சக்கரம் கழன்றுவிடாமல் பிடிப்பது அதுதான். என்னுடையது சுசுவே ஹப், கூடவே வந்த லாக்ரிங் கறுத்துப்போய் அசிங்கமாக இருந்தது. பழைய காம்பக்னோலோ லாக்ரிங் ஒன்று கிடைத்தது. இத்தாலிச் சாமான், எழுத்து வெட்டின அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மாட்டினேன், சுலபமாக ஏறியது. அவ்வளவு சுலபமாக ஏறியபோதே யோசித்திருக்கவேண்டும். ஜப்பானிய ஹப்பின் லாக்ரிங் மரை 1.29 அங்குலம், பழைய காம்பக்னோலோ 1.32. வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டர். மரையின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் தொங்கியிருக்கிறது. எட்டாம் நாள் சிக்னலில் நிறுத்துவதற்காகக் காலை அழுத்தினேன், கரக்கென்று ஒரு சத்தம், அதற்கப்புறம் பெடல் பின்னால் போய்க்கொண்டே இருந்தது, சைக்கிள் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. முன்பிரேக் இருந்ததால் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கழற்றிப் பார்த்தால் ஹப்பின் மரை, சீவின தேங்காய்ப்பூ மாதிரி சுருள்சுருளாக வந்தது.

ஆமாம், பிரேக் போட்டிருந்தேன். இதிலும் சண்டை உண்டு. பிரேக் மாட்டினால் ஃபிரேமின் அழகு போச்சு என்று ஒரு கூட்டம். ஜப்பானில் தெருவில் ஓட்டினால் முன்னும் பின்னும் பிரேக் இருக்கவேண்டும் என்பது சட்டம், 2010-ஐ ஒட்டிய வருடங்களில் பிரேக் இல்லாத பிஸ்டோக்காரர்களைப் போலீஸ் நிறுத்தி நிறுத்திப் பிடித்தது. ஃபோர்க்கில் ஓட்டை கிடையாதே, அதைக் குடைந்தால் ஃபிரேமின் மதிப்பு போய்விடும். அதனால் ஃபோர்க்கைக் கவ்விப் பிடிக்கிற தற்காலிகப் பட்டை வைத்து மாட்டுவோம். அதுகூடக் கெய்ரின்காரர்கள் ரோட்டில் பயிற்சிக்குப் போகும்போது செய்வதுதான். அவர்களே பிரேக் போட்டுக்கொண்டு போகிறார்கள் என்று சொன்னால் நம் தூய்மைவாதிக்குக் காது கேட்காது.

என்ஜேஎஸ்ஸைத் தாண்டியும் கட்சிகள் இருக்கின்றன, சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மனசு அங்கே இல்லை. இத்தாலிக் கட்சிக்குக் கொல்னாகோ மாஸ்டர் பிஸ்டா, சினெல்லி, காம்பக்னோலோ ரெக்கார்டு பிஸ்டா கிராங்க். என்ஜேஎஸ்ஸைப் பார்த்தால் 'தொழிற்சங்கச் சைக்கிள்' என்பார்கள். அமெரிக்கத் தெருக்கட்சிக்குக் குரோம் பூசிய பியாங்கி பிஸ்டா, வெட்டிக் குட்டையாக்கின ஹேண்டில்பார். அலுமினியக் கட்சியின் குலதெய்வம் 90-களின் கேனன்டேல் டிராக், குழாய் தொடை பருமன்; இப்போதைய பையன்கள் சினெல்லி மாஷ், லீடர் பக்கம். முன்னால் மட்டும் மூன்று கை ஹெட் சக்கரமோ ஐந்து கை ஏரோஸ்போக்கோ மாட்டி, பின்னால் சாதாரணச் சக்கரம் வைப்பது இவர்கள் வழக்கம். எனக்கு அது ஒரு காலில் பூட்ஸும் மறுகாலில் செருப்பும் போட்ட மாதிரி தெரியும். ஆனால் ஒன்று, ஃபில் வுட் ஹப்பை மட்டும் எல்லாக் கட்சியும் ஒப்புக்கொள்ளும். கலிபோர்னியாவில் செய்வது, கையால் சுற்றிவிட்டால் நின்று முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் பல் கணக்கைச் சொல்லாமல் விடமாட்டேன். பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கி நிறுத்துகிறவர்களுக்கு டயர் தேய்கிற இடம் முக்கியம். காலைப் பூட்டுகிற நிலை எப்போதும் ஒன்றே, அதனால் முன்பல் 48, பின்பல் 16 என்றால் சரியாக மூன்று சுற்று, டயரின் ஒரே இடம்தான் ஒவ்வொரு முறையும் ரோட்டில் உரசும். ஒரு மாதத்தில் நூல் தெரியும். பின்னால் ஒரே ஒரு பல் கூட்டி 17 ஆக்கினால் 48-க்கும் 17-க்கும் ஒன்றைத் தவிரப் பொதுவாக வகுக்கிற எண் கிடையாது, தேய்மானம் பதினேழு இடத்துக்குப் பிரிந்துபோகும். ஏழாம் வகுப்பில் மீப்பெரு பொது வகுத்தி எதற்கு சார் என்று கேட்டவன் நான். இதற்குத்தான்.

இந்த வருடம் மார்ச்சில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். என் பானாசானிக்கின் மேல்பாரில், நசுங்கலுக்கு அந்தப் பக்கம், முன்னால் ஓட்டியவரின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறது. பெயரைத் தேடியதில், ஆள் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார், அதுவும் அடுத்த வாரம் மட்சுடோ மைதானத்தில். சனிக்கிழமை வடை வாங்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஓடெமாச்சியில் ரயில் மாறி கிதா-மட்சுடோவில் இறங்கினால் நடக்கிற தூரம். 333 மீட்டர் சின்னத் தடம், வளைவு சுவர் மாதிரி எழும்பி நிற்கும். கம்பி வேலிக்குப் பக்கத்தில் தாத்தாக்கள் காதில் பென்சிலோடு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, எந்த எண் என்று சைகையில் கேட்டார். ஆறு என்று விரலைக் காட்டினேன். ஆறா என்று இரண்டு முறை கேட்டுவிட்டுப் பரிதாபமாகத் தலையாட்டினார்.

பச்சைச் சட்டையில் வந்தார் என் ஆள். நாற்பதைத் தாண்டிய முகம், அகலமான தொடை. என் கண் அவர்மேல் இல்லை, சைக்கிள் மேல். கறுப்பு ஃபிரேம், பெயின்ட் பெயர்ந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கீழ்க்குழாயில் பிரிட்ஜ்ஸ்டோன் என்று எழுத்து. கிராங்க் ஷிமானோ, ஸ்டெம் நிட்டோ. ஹேண்டில்பாரின் இடதுபக்க ரப்பர் பிடி நீலம், வலதுபக்கம் கறுப்பு. இரண்டும் ஒரே நிறத்தில் கிடைக்காமலா இருக்கும்? என்னால் அதைத் தாங்கவே முடியவில்லை, அவர் தொடக்கக் கோட்டில் பின்சக்கரத்தைப் பொருத்திவிட்டுக் கைகூப்பி வணங்குகிற வரைக்கும் அந்தப் பிடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தபோது நான்காவதாக இருந்தார். கடைசி வளைவில் வெளிப்பக்கமாக ஏறினார், ஏறினார், அங்கேயே நின்றுவிட்டார். ஏழாவது. நான் அவர்மேல் கட்டியிருந்தது 100 யென். தாத்தா என் பக்கம் திரும்பி, சொன்னேனே என்பதுபோல் சிரித்துவிட்டு, இரண்டு வடையில் ஒன்றை எடுத்துக்கொண்டார்.